1961 நாகலிங்கப்பூ ஓவியம்: மவுண்ட்டுக்கு அடியில் மறைந்த பகுதியைக் காட்டலாமா? மும்பை வீட்டில் எந்தச் சுவரில் மாட்டுவது?

மாட்டுங்காவாசி:

வணக்கம். சிறு வயது முதல் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் பார்த்துவந்த ஓவியம் ஒன்று இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. அதற்கு எப்படிச் சட்டம் போடுவது, எங்கே மாட்டுவது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறோம். ஓவியம், காகிதம், பிரேம் வேலை தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். விவரம் தெரியாமல் பதில் சொல்வது கடினம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஓவியத்தில் இருப்பது நாகலிங்கம். முழு மரம் இல்லை, அடிமரத்தில் ஒரு துண்டு மட்டும். இரண்டரை அடி உயரக் காகிதத்தின் இடது பக்கத்தில் கரும்பழுப்பாக அந்த அடிமரம் மேலிருந்து கீழ்வரை ஒரே பட்டையாக இறங்குகிறது. பட்டையின் வெடிப்பு, நிழல், வெளிச்சம் எதுவும் கிடையாது. அதிலிருந்து பூங்கொடிகள் கறுப்புக் கோடுகளாக வளைந்து வெளியே வருகின்றன, எல்லாக் கோடும் ஒரே தடிமன். ஐந்து பூக்கள், ரோஸ் நிறத்தில் தட்டையாக. பின்னணி முழுவதும் காவி கலந்த மஞ்சள். ஒரு பூ மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறது. அதன் நடுவில் இருக்கும் குடையில் சின்னச் சின்ன மஞ்சள் கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். அடியில் இருந்த ரோஸ் காய்வதற்குள் வைத்திருக்க வேண்டும். சில புள்ளிகள் ஓரத்தில் கசிந்து மெல்லிய ஆரஞ்சு வளையம் கட்டியிருக்கின்றன. பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வரைந்தவர் பெரியப்பாவின் நண்பர். மெட்ராஸ் கலைப்பள்ளியில் 50களின் தொடக்கத்தில் படித்துவிட்டு, பம்பாய்க்கு வந்து கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். பெரியம்மா அவரை ‘ஓவியர் மாமா’ என்றுதான் சொல்வார். 1961இல் பெரியப்பா கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பரிசு இது.

கண்ணாடிக்குள் ராமபாணப் பூச்சி ஒன்று ஓடியதைப் பார்த்துப் பயந்து, பின்பக்க ஆணிகளைக் கழற்றிச் சட்டத்தைத் திறந்தோம். உள்ளே பார்த்தால், கீழ்ப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு ஓவியம் மவுண்ட் அட்டைக்கு (படத்தைச் சுற்றி ஜன்னல் போல வெட்டி வைக்கும் அட்டை) அடியில் மறைந்து கிடக்கிறது. அங்கே நாகலிங்கக் காயைக் குறுக்கே வெட்டியது போல ஒரு படம். வட்டமாக, உள்ளே நீல நிறத்தில், விதைகள் வெள்ளையாக. பக்கத்தில் ‘ரா. 61’ என்று தமிழில் கையெழுத்து. பெரியம்மா வீட்டில் இத்தனை வருடம் இதை யாரும் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. மவுண்ட் மூடியிருந்த ஓரங்களில் ரோஸ் நிறம் பீட்ரூட் நறுக்கிய பலகை போல அழுத்தமாக இருக்கிறது. வெளியே தெரிந்த இடத்தில் அதே நிறம் நன்றாக வெளுத்துவிட்டது. காவி மஞ்சளும் பழுப்பும் மட்டும் உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி. மவுண்ட்டின் வெட்டு விளிம்பு பட்ட இடத்தில் நான்கு பக்கமும் பழுப்புக் கோடு ஒன்று விழுந்திருக்கிறது.

அக்கம்பக்கத்துப் பிரேம் கடை ஒன்றில் கேட்டதற்கு, ஓரங்களை வெட்டிவிட்டால் நிறம் சீராகத் தெரியும், பழுப்புக் கோடும் போய்விடும் என்றார்கள். தம்பி லேமினேஷன் செய்து பலகையில் ஒட்டிவிடலாம் என்கிறான், பூச்சி வராதாம். கணவருக்குக் கூடத்தில் பால்கனிக்கு எதிர்ச்சுவர் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் பால்கனி மேற்குப் பார்த்தது, மூன்று மணிக்கு மேல் வெயில் அந்தச் சுவரில் நேராக விழும். மாமியார், சிவனுக்கு உகந்த பூ என்பதால் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார். வடக்குச் சுவர் கட்டடத்தின் வெளிச்சுவர். மழைக்காலத்தில் ஓதம் ஏறிப் பெயின்ட் உப்பிக்கொள்கிறது. மீதி இருப்பது கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள சுவர், அப்புறம் சமையலறைக்குப் போகும் நடை.

எனக்கு இது கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சுருட்டி அலமாரிக்குள் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மறைந்திருந்த அந்தக் காயையும் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் மவுண்ட்டை எடுத்துவிட்டால் வெளுத்த இடமும் வெளுக்காத இடமும் பளிச்சென்று இரண்டாகத் தெரியும். என்ன செய்யலாம்?

---

தாராவி பிரேம்காரர்:

அக்கா, முதல் வேலையாக அந்த ஓரத்தை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேமினேஷனும் வேண்டாம். இரண்டும் ஒருமுறை செய்தால் முடிந்தது, திரும்ப எடுக்க வழியே கிடையாது. லேமினேஷன் பிசின் சூட்டில் காகிதத்துக்குள் இறங்கிவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது போஸ்டர் கலர் மாதிரியான நீர்வண்ணம். அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காது. ஈரத் துணியால் துடைப்பது, ரப்பரால் அழிப்பது, ரொட்டித் துண்டால் ஒற்றி எடுப்பது, இவை எதுவும் கூடாது. நீர்வண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே கறை நிற்கும்.

நான் பிரேம் வேலையிலேயே வளர்ந்தவன், அப்பாவும் இதே தொழில்தான். நீங்கள் சொல்லும் பழுப்புக் கோடு எங்களுக்குப் பழக்கமானது. அந்தக் காலத்து மவுண்ட் அட்டை மரக்கூழில் செய்தது, அதில் அமிலம் உண்டு. அட்டையைச் சாய்த்து வெட்டும்போது உள்பக்கம் வெளியே தெரியும், அந்த விளிம்பிலிருந்து அமிலம் காகிதத்தில் ஏறிக் கோடாக நிற்கும். பின்னால் ஹார்ட்போர்டு வைத்திருந்தால் அதுவும் அமிலம்தான், காகிதத்தின் முதுகு பழுப்பாகியிருக்கும். திருப்பிப் பாருங்கள். பழைய மவுண்ட்டும் ஹார்ட்போர்டும் இனிமேல் அந்த ஓவியத்தோடு இருக்கக் கூடாது. ஆனால் ஹார்ட்போர்டில் கடைச் சீட்டோ, பென்சிலில் ஏதாவது எழுத்தோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்துவிட்டு, அந்தத் துண்டைத் தனி உறையில் போட்டு வையுங்கள். ஓவியம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

வெளுத்த ரோஸ் திரும்பி வராது. அதன் மேல் நிறம் தீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காவியும் பழுப்பும் மண்ணிலிருந்து வரும் நிறங்கள், வெயிலைத் தாங்கும். அந்தக் காலத்துச் சிவப்பு, ரோஸ் வண்ணங்களில் பல சாயத்திலிருந்து செய்தவை, வெளிச்சம் பட்டால் போய்விடும். அதனால்தான் உங்கள் ஓவியத்தில் ஒன்று நின்று ஒன்று வெளுத்திருக்கிறது.

இப்போது என்ன செய்வது? இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். இது ஆகஸ்ட். மும்பையில் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும், காகிதம் அந்த ஈரத்தை எல்லாம் குடித்து வைத்திருக்கும். இந்த நேரத்தில் கண்ணாடி போட்டு மூடினால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டியது மாதிரி. ஈரப்பதம் 65, 70க்கு மேல் நின்றாலே பூஞ்சை வரும். தீபாவளி போகட்டும், காற்று காயட்டும். அதுவரை அமிலம் இல்லாத வெள்ளைத்தாள் இரண்டுக்கு நடுவில், சமமான அட்டையில் படுக்க வைத்து, மேல்தட்டில் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டாம், பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். நாப்தலின் உருண்டையைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

சட்டம் போடும்போது கடையில் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். மவுண்ட் பருத்திக்கூழில் செய்த, அமிலம் இல்லாத அட்டையாக இருக்க வேண்டும். தடிமனாக எடுங்கள், வண்ணம் கண்ணாடியில் ஒட்டவே கூடாது. ஓவியத்தை அட்டையில் முழுதாக ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் ஜப்பான் மெல்லிதழ்க் காகிதத் துண்டு, கோதுமை மாவின் ஸ்டார்ச்சைத் தனியாக எடுத்துக் காய்ச்சிய பசை, அவ்வளவுதான். செல்லோடேப், ஃபெவிகால், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் எதுவும் ஆகாது. பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சிக்காக. அதில் செம்பு இருக்கிறது, காகிதத்துக்கு அது விஷம். கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரகம் கிடைக்கிறது, விலை கூட, ஆனால் இந்த ஓவியத்துக்குப் போடலாம். அக்ரிலிக் ஷீட் போட்டால் எடை குறையும் என்பார்கள். அதில் மின்னூட்டம் ஏறி வண்ணத்தூளை இழுக்கும், இப்படித் தூளாக நிற்கும் வண்ணத்துக்கு அது சரிப்படாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓவியத்தைச் சரியான ஆள் ஒருவர் பார்க்கட்டும். தென் மும்பையின் ஃபோர்ட் (கோட்டை) பக்கம் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் கலைப்பொருள் பாதுகாப்பு மையம் இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள். அந்தப் பழுப்புக் கோட்டைக் குறைக்க முடியுமா என்று அவர்கள்தான் சொல்ல முடியும். எங்களை மாதிரிச் சட்டம் போடுகிறவர்கள் அதில் கை வைக்கக் கூடாது.

---

செம்பூர் குமாஸ்தா:

முடிந்தால் ஒரு படம் போடுங்கள் மேடம். அந்தக் காயையாவது பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

---

முலுண்ட் தாவரவியல் ஆசிரியர்:

படம் வரும்வரை காத்திருக்க முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். காயின் உள்பகுதி நீலமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பார்ப்பவர்கள் அது ஓவியரின் கற்பனை என்று நினைப்பார்கள். நாகலிங்கக் காயை உடைத்துக் காற்றில் வைத்தால் உள்ளே இருக்கும் சதை கொஞ்ச நேரத்தில் நீலமாக மாறும். வெள்ளைச் சதை கண்முன்னாலேயே நிறம் மாறுவதை மாணவர்களுக்குப் பலமுறை காட்டியிருக்கிறேன். நாற்றம் தாங்க முடியாது, வகுப்பின் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைக்க வேண்டும். உங்கள் ஓவியர் மாமா ஒரு காயை உடைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாற்றத்தோடு நிறம் மாறும்வரை பார்த்திருக்கிறார். எனக்கு இது பெரிய விஷயம்.

நேராகப் பார்க்கும் பூவையும் கவனியுங்கள். இதழ்களை எண்ணிப் பாருங்கள், அசல் பூவுக்கு ஆறு. நாகலிங்கப்பூவில் மகரந்தத்தாள்கள் இரண்டு வகை. சூலகத்தைச் சுற்றி வட்டமாக ஒரு கூட்டம், அதிலிருந்து நீண்டு குடை மாதிரிக் கவிழ்ந்து நிற்பது இன்னொரு கூட்டம். வட்டத்தில் இருப்பவற்றின் மகரந்தம்தான் விதை பிடிக்க உதவும். குடையில் இருப்பது வண்டுக்கும் தேனீக்கும் தீனி. இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தத்தையே கூலியாகக் கொடுத்து வரவழைக்கிறது. குடையில் தனித்தனிக் கோடும் புள்ளியும் வைத்திருக்கிறார் என்று சொன்னீர்கள். நடுவில் வட்டமாகவும் சின்னப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால், நிழலையும் பட்டையின் வெடிப்பையும் தள்ளிவிட்ட அந்த மனிதர் பூவின் அமைப்பை மட்டும் விடவே இல்லை என்று அர்த்தம்.

கீழே காயின் குறுக்குவெட்டு வந்ததற்கும் காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. மெட்ராஸில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக 19ஆம் நூற்றாண்டில் ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்கள் நூற்றுக்கணக்கான செடிகளை வரைந்தார்கள். அச்சிட்ட அந்தப் படங்களில் நடுவில் செடி இருக்கும், கீழே ஓரத்தில் பூவின் பாகங்கள், காயின் வெட்டு, விதை. வெள்ளைப் பின்னணி, நுணுக்கமான கோடு. உங்கள் ஓவியம் பின்னணியிலும் கோட்டிலும் அதற்கு நேர் எதிர். ஆனால் கீழே காயை வெட்டி வைத்த இடத்தில் அந்தப் பழைய மரபு அப்படியே இருக்கிறது. அந்த மூன்று விரல் பகுதி இல்லாவிட்டால் இது அழகான பூப்படம். அது இருந்தால்தான் இது தாவர ஓவியம். அதை மறுபடி மூடி வைக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் என்று அம்மா சொன்னது மனசுக்கு நெருக்கமான யோசனைதான். ஆனால் விளக்கின் கரி, எண்ணெய்ப் புகை, கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் தினமும் சேரும். பக்கத்தில் மரம் இருந்தால் பறித்துவந்த பூ ஒன்றை அங்கே வைக்கலாம். காலையில் பறித்தால் வாசனை வீடு முழுக்க இருக்கும்.

---

மல்லேஸ்வரம் துணி வடிவமைப்பாளர்:

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். துணிகளுக்கு வடிவமைப்பு செய்வது என் தொழில். எல்லாக் கோடும் ஒரே தடிமன் என்று படித்தவுடனே எனக்குப் பிடிபட்டுவிட்டது, அது துணியில் அச்சடிக்கும் மரக்கட்டைக்கு வரைந்து பழகிய கை. கட்டையில் செதுக்க வேண்டும் என்றால் ஒரே தடிமன் கோடுதான் வசதி, நிறமும் தட்டையாகத்தான் விழும். கைத்தறி வாரியத்தின் பம்பாய் வடிவமைப்புப் பிரிவில் 1959 முதல் 1961 வரை கே.ஜி. சுப்பிரமணியன் இருந்தார். 1961இல் பிரபாகர் பர்வே நெசவாளர் சேவை மையத்தில் சேர்ந்தார். நல்ல ஓவியர்கள் பகலில் புடவைக் கரையையும் திரைச்சீலையையும் வரைந்துவிட்டு, இரவில் தங்கள் ஓவியத்தைத் தீட்டிய காலம் அது. இலையும் பூவும் தட்டையான வடிவங்களாக மாறியது உலகம் முழுக்க நடந்தது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1953இல் வண்ணக் காகிதத்தைக் கத்தரித்து இலைக்கட்டு ஒன்றைச் செய்தார், அதில் நிழல் என்று எதுவுமே இல்லை. அதே ஆண்டுகளில் நம் ஆட்களுக்குத் துணிக்கட்டையே அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

அதனால் எனக்கு மவுண்ட்டே வேண்டாம் என்று தோன்றுகிறது. காகிதத்தின் நான்கு ஓரமும் தெரியும்படி, பின் அட்டையிலிருந்து சற்று உயர்த்தி மிதக்கவிட்டு, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் இடைவெளி கொடுத்துச் சட்டம் போடலாம். வெளுத்த பகுதியும் வெளுக்காத பகுதியும் தெரியட்டுமே. பெரியம்மா வீட்டுக் கூடத்தின் வெளிச்சம் அந்தக் காகிதத்தில் எழுதியது அது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

சட்டம் தேக்கில், அரை அங்குல அகலத்தில், பாலிஷ் மினுக்காமல் இருந்தால் போதும். பொன் நிறச் சட்டமும் செதுக்கு வேலையும் இந்த ஓவியத்தை நெருக்கும். அடிமரத்தை மேலும் கீழும் வெட்டிவிட்ட ஓவியர் அது சுவரில் தொடர்ந்து வளர வேண்டும் என்று நினைத்திருப்பார். சுற்றிலும் வெறும் சுவர் விடுங்கள். பக்கத்தில் கடிகாரம், காலண்டர், குடும்பப் படம் எதுவும் வேண்டாம்.

உயரம் பற்றி ஒன்று. காட்சிக்கூடங்களில் ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145, 150 சென்டிமீட்டரில் இருக்கும்படி மாட்டுவார்கள். அது நின்று பார்ப்பவர்களுக்கான கணக்கு. நம் பழைய வீடுகளில் படங்களை நிலைக்கு மேலே தூக்கி, முன்பக்கம் சாய்த்துக் கட்டுவார்கள், அண்ணாந்து கும்பிட. நீங்கள் எங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறீர்களோ அங்கிருந்து பாருங்கள், அந்தக் கண்மட்டத்துக்கு இறக்கி மாட்டுங்கள். புள்ளி வைத்த இடத்தில் கசிந்த ஆரஞ்சு வளையம் தெரிய வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

---

தாராவி பிரேம்காரர்:

மல்லேஸ்வரம் அக்கா சொல்வது அழகாக இருக்கும், நானும் அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த ஓவியத்துக்கு எனக்கு ஒரு தயக்கம். வெளுக்காத ரோஸ் அந்த நான்கு ஓரத்தில் மட்டும்தான் மீதி இருக்கிறது. முழுவதும் திறந்துவிட்டால் அதுவும் வெளுக்கத் தொடங்கும். 1961இல் அவர் தீட்டிய நிறம் என்ன என்பதற்கு அப்புறம் சாட்சியே இருக்காது. எந்தக் கண்ணாடி போட்டாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் உள்ளே வந்தே தீரும், அதிலும் நிறம் போகும்.

என் யோசனை இது. மேலும் பக்கவாட்டிலும் மூன்று ஓரத்தையும் பழையபடியே மூடுங்கள், பழுப்புக் கோடும் உள்ளே போகும்படி ஒரு நூல் அளவு கூட்டி. கீழ்ப்பக்கம் மட்டும் ஜன்னலை இறக்கி வெட்டினால் காயும் கையெழுத்தும் வெளியே வரும். கீழே பழுப்புக் கோடு குறுக்கே தெரியும், நிறத்திலும் வித்தியாசம் தெரியும். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த இடத்தில் காவி மஞ்சள் பின்னணியும் காயும்தான் இருக்கின்றன, ரோஸ் இல்லை. காவி வெளுக்கவில்லை என்பதால் அந்த வித்தியாசம் அவ்வளவாக உறுத்தாது. அந்தப் பழுப்புக் கோட்டை அருங்காட்சியகத்தில் குறைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்களில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு நிறுத்துவார்கள். 500 லக்ஸில் ஒரு மணி நேரமும் 50 லக்ஸில் பத்து மணி நேரமும் ஒரே சேதம்தான், எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். வெளியே நேர் வெயில் லட்சம் லக்ஸைத் தொடும். உங்கள் கணவர் சொன்ன பால்கனி எதிர்ச்சுவர் இதனால்தான் ஆகாது. வடக்குச் சுவருக்கு ஓதம் இருக்கிறது, அதுவும் வேண்டாம். சமையலறை நடை எண்ணெய்ப் புகைக்கும் தாளிப்புக்கும் பக்கம். மீதி அந்த நடுச்சுவர்தான். இரண்டு பக்கமும் அறை இருப்பதால் ஈரம் இறங்காது.

---

மாட்டுங்காவாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் சார், நேற்று இரவே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இதழ் ஆறுதான். குடைக்கு அடியில் வட்டமாகப் புள்ளிகள் இருக்கின்றன. அவை மஞ்சள் இல்லை, வெள்ளைக்குப் பக்கத்தில் வரும் நிறம், ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது. அவற்றைக் காய்ந்த பிறகுதான் வைத்திருக்கிறார், ஒன்றுகூடக் கசியவில்லை. ஈரத்தில் வைத்த புள்ளிக்கும் காய்ந்ததில் வைத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தாலேயே இரண்டு வகை மகரந்தத்தாளையும் பிரித்திருக்கிறார். நீலம் பற்றி நீங்கள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். ஊரில் சிவன் கோயில் வாசலில் விழுந்து உடைந்த காய் நீலமாக இருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன் என்றார். பூஜை அலமாரிப் பேச்சை அவரே விட்டுவிட்டார். நடுச்சுவரில் மாட்டினால் ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே தனக்குத் தெரியும் என்பதும் ஒரு காரணம்.

மூன்று ஓரம் மூடி, கீழ்ப்பக்கம் திறப்பது என்று முடிவு செய்துவிட்டோம். மல்லேஸ்வரம் சகோதரி, நீங்கள் சொன்னது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கூடத்து வெளிச்சம் எழுதியது என்ற வாக்கியம் மனதிலேயே நிற்கிறது. ஆனாலும் அந்த மீதி ரோஸைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஓவியர் மாமா கையால் வைத்த நிறம், இன்னும் ஒரு விரல் அகலம்தான் மிச்சம். அதற்குப் பதிலாக, சட்டம் போடுவதற்கு முன் காகிதம் முழுவதையும், நான்கு ஓரத்தோடும், நல்ல கேமராவில் படம் எடுத்து வைக்கப் போகிறேன். ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாமல், மேலிருந்து எடுக்கும்படி. பெரியம்மாவின் பெண் சென்னையில் இருக்கிறாள், அவளுக்கு அசல் அளவில் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அதில் எதுவும் மூடியிருக்காது. தேக்குச் சட்டமும் சுற்றிலும் வெறும் சுவரும் நீங்கள் சொன்னபடியே.

ஹார்ட்போர்டின் பின்பக்கம் தாதரில் இருந்த கடை ஒன்றின் சீட்டு பாதி கிழிந்து ஒட்டியிருக்கிறது. அதைச் சுற்றி அட்டையோடு அறுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

பிரேம்காரர் அண்ணா, இரண்டு கேள்வி பாக்கி. நடுச்சுவர் செங்கல்லா கான்கிரீட்டா என்று தெரியவில்லை, தட்டினால் ஒரு இடத்தில் கெட்டியாகவும் ஒரு இடத்தில் பொள்ளலாகவும் கேட்கிறது. கண்ணாடியோடு எடையும் கொஞ்சம் இருக்கும். எப்படி மாட்டுவது? இரவில் அதற்கு மேலே ஒரு விளக்கு வைக்கலாமா?

---

தாராவி பிரேம்காரர்:

பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கும். அங்கே ஆணி வேண்டாம், கெட்டியான இடமாகப் பாருங்கள். அடிக்கிற ஆணி போதாது. டிரில் போட்டு, பிளாஸ்டிக் பிளக் சொருகி, திருகு கொக்கி மாட்டுங்கள். ஒன்றுக்கு இரண்டு கொக்கியாக, நடுவில் ஓரடி விட்டுப் போடுங்கள். ஒன்று இறங்கினாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும், படமும் கோணாது. ஓட்டை போடும் முன் சுவிட்ச்போர்டிலிருந்து ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பழைய கட்டடங்களில் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

சட்டத்தின் பின்பக்கம் கீழ் மூலை இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். பூச்சி, பூஞ்சை எது வந்தாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

படத்துக்கு மேலே ஒட்டினாற்போல விளக்கு வேண்டாம், சட்டத்துக்குள் சூடு ஏறும். ஹாலோஜன் கூடவே கூடாது. கூடத்துக் கூரையிலிருந்து மஞ்சள் எல்.இ.டி. ஒன்று, ஆட்கள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் போதும்.

கார்த்திகைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள். வளையாத பெரிய அட்டைகள் இரண்டுக்கு நடுவில் வைத்து, டாக்ஸியில் படுக்கையாக வைத்துக் கொண்டு வாருங்கள், சுருட்ட வேண்டாம்.